உயரத்துக்கேற்ற எடை: எட்டக்கூடிய இலக்கை எப்படிப் போடுவது?

எடை அட்டவணையைப் பார்த்ததும் மலைத்துப்போய் முயற்சியையே விட்டுவிடுபவர்கள் நிறைய. அட்டவணையில் உள்ள எண் பொய்யில்லை. ஆனால் எல்லோரும் அதையே இலக்காக வைத்துக்கொள்ள முடியாது.

முதலில் அளவு சரியாக இருக்க வேண்டும். காலையில் சிறுநீர் கழித்தபின், எதுவும் சாப்பிடாமல், மெல்லிய உடையில் எடை பாருங்கள். எடை மெஷின் கெட்டியான தரையில் இருக்கட்டும். பாயின் மேல் வைத்தால் தவறாகக் காட்டும். உயரம் பார்க்கச் செருப்பில்லாமல், குதிகால் சுவரில் படும்படி நில்லுங்கள். தலைமேல் தடித்த புத்தகத்தை மட்டமாக வைத்து, இன்னொருவரைக் கோடு போடச் சொல்லுங்கள். உயரத்தில் 3 செ.மீ. பிசகினாலே விடை 2 கிலோவுக்கு மேல் மாறிவிடும்.

உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். 160 செ.மீ. என்றால் 1.60 × 1.60 = 2.56. கிலோவில் உள்ள எடையை இந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. எனும் உடல் எடைக் குறியீடு. அது 18.5-லிருந்து 22.9 வரை இருப்பது நல்லது. எனவே 2.56-ஐ 18.5-ஆல் பெருக்கினால் எடையின் கீழ் எல்லை, சுமார் 47 கிலோ. 22.9-ஆல் பெருக்கினால் மேல் எல்லை, சுமார் 58.5 கிலோ. உலக அளவில் பொதுவாகச் சொல்லும் மேல் எல்லை 24.9, அதன்படி 63.5 கிலோ வரை போகலாம். இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23-லிருந்தே அதிக எடை, 25-லிருந்து உடல் பருமன் என்று 2009-இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் வரையறுத்தார்கள்.

ஏன் இந்தக் கெடுபிடி? 2004-இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் தங்களையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3. உடல் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எடையில் நம் உடம்பில் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருக்கிறது, அதுவும் வயிற்றைச் சுற்றி.

அதனால் எடையோடு வயிற்றுச் சுற்றளவையும் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், தையல் டேப்பை இறுக்காமல் சுற்றுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டிவிட்டால் எச்சரிக்கை. பேண்ட் அளவை நம்பாதீர்கள். தொப்பை வளர வளர பெல்ட் அதற்குக் கீழே இறங்கிவிடும். அளவு 34 அங்குலமாகவே இருக்க, வயிறு 40-ஐத் தொட்டிருக்கும்.

இனி இலக்கு. எல்லையைவிட மூன்று நான்கு கிலோதான் கூடுதல் என்றால் அட்டவணைக்குள் வருவது நடக்கிற காரியம். 160 செ.மீ. உயரத்தில் 78 கிலோ இருப்பவருக்குக் கணக்கு வேறு. அவர் 58.5-க்கு வர உடல் எடையில் நான்கில் ஒரு பங்கை இழக்க வேண்டும். உணவாலும் நடையாலும் மட்டும் அங்கே போய் நிலைப்பவர்கள் மிகச் சிலர். எடை குறையக் குறைய உடல் செலவழிக்கும் சக்தி குறைகிறது, பசி கூடுகிறது. இதை மன உறுதிக் குறைவு என்று திட்டுவது அநியாயம்.

அவருக்கு முதல் இலக்கு 7 சதவீதம், அதாவது 5.5 கிலோ, ஆறு மாதத்தில். அமெரிக்காவில் சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்தவர்களுக்கு இந்த 7 சதவீதமும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும்தான் இலக்காகத் தரப்பட்டன. நோய் வருவது 58 சதவீதம் குறைந்ததாக 2002-இல் முடிவு வந்தது. 2006-இல் வெளியான சென்னை ஆய்வு இன்னும் தெம்பு தருகிறது. உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது.

எங்கே குறைப்பது? நால்வர் வீட்டில் மாதம் 4 லிட்டர் எண்ணெய் செலவானால் ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 275 கலோரி. 2 லிட்டராக்கினால் பாதி போய்விடும். தினம் நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதுவே சுமார் 150. சோற்றில் ஒரு கப் குறைத்தால் 200 அளவுக்குக் குறையும். அந்த இடத்தில் சுண்டல், முட்டை, மீன், காய் வையுங்கள். புரதத்தைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும்.

முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்தால் துள்ள வேண்டாம், பெரும்பகுதி நீர். தினசரி ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு வாரச் சராசரியைப் பாருங்கள். 7 சதவீதம் வந்ததும் சில மாதம் அதே எடையில் நில்லுங்கள். நின்றால் அடுத்த 5 சதவீதத்தைப் பற்றி யோசிக்கலாம்.

கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 65 வயதைக் கடந்தவர்கள் தசையைக் காப்பதே முக்கியம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் மருந்தின் அளவைக் கேளுங்கள், இல்லையேல் சர்க்கரை திடீரென இறங்கிவிடலாம். முயற்சியே இல்லாமல் எடை குறைந்துகொண்டே போனால் தாமதிக்காமல் பரிசோதனைக்குப் போங்கள்.