சொந்தமாகக் கட்டும் காரில் எஞ்சின் மாட்ட எந்த போல்ட் வாங்குவது?

பைப் வெல்டு செய்து சொந்தமாக பக்கி (திறந்த குட்டி வண்டி) கட்டுகிறவர்களில் பலர் பழைய மாருதி 800 எஞ்சினைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர், ஸ்பேர் சுலபமாகக் கிடைக்கும். (ரோட்டில் ஓட்ட ஆர்டிஓ விடுவாரா என்பது தனிக் கதை. இங்கே தோட்டத்திலும் டிராக்கிலும் ஓடும் வண்டியைத்தான் சொல்கிறேன்.) சேஸி ரெடி, எஞ்சின் ரெடி என்றதும் ஹார்டுவேர் கடைக்குப் போய், "இருக்கறதுலயே ஸ்ட்ராங்கான போல்ட் கொடுங்கண்ணே" என்று கேட்பார்கள். கேள்வியே தப்பு. எஞ்சினைச் சேஸியோடு பிடிக்கும் மவுண்ட் போல்ட் நேராக அறுந்து போவது அபூர்வம். முதலில் லூசாகும், பிறகு ஆடும், ஆடி ஆடித்தான் அறும். எனவே இறுக்கம் நிற்கிற போல்ட்தான் நமக்கு வேண்டும்.

1. சுமையைக் கணக்குப் போடுங்கள்

எஞ்சினின் எடையைவிட அதன் டார்க், அதாவது முறுக்கு விசைதான் மவுண்டைப் படுத்தும். இந்த எஞ்சின் சுமார் 60 நியூட்டன் மீட்டர் தரும். முதல் கியரும் ஃபைனல் டிரைவும் (சக்கரத்துக்கு முந்தைய கடைசி பல்சக்கர ஜோடி) சேர்ந்து அதை 15 மடங்காக்கும் என்று வைத்துக்கொண்டால் 900. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டாக இருப்பதால் அவ்வளவும் எதிர்த்திசையில் மவுண்ட்களில் விழும். இரண்டு மவுண்டுக்கு நடுவே 45 செ.மீ. இருந்தால் ஒவ்வொன்றிலும் 2,000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ. கிளட்சைப் பட்டென்று விட்டால் இதையும் தாண்டும்.

2. போல்ட் தலையில் உள்ள எண்ணைப் படியுங்கள்

8.8 என்றிருந்தால், முதல் 8 என்பது 800 மெகாபாஸ்கல் இழுவலிமை. அதில் 80 சதவீதம், அதாவது 640 வரை நிரந்தரமாக நீளாது என்பது இரண்டாவது 8. எம்10 அளவில், அதாவது 10 மி.மீ. விட்டத்தில், 8.8 போல்ட் 3 டன்னுக்கு மேல் தாங்கும். நம் 200 கிலோவுக்கு இது தாராளம். 10.9 போட்டாலும் தப்பில்லை.

எண்ணே இல்லாத போல்ட் கேட்டுக்கும் ஜன்னலுக்கும்தான். பளபளக்கிறதே என்று ஸ்டெயின்லெஸ் வாங்காதீர்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 என்ற ஸ்டெயின்லெஸ் ரகம் 8.8-ஐவிடப் பலம் குறைவு, மரையும் ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். 12.9 அலன் போல்ட்டுக்கு (தலையில் அறுகோணக் குழி உள்ளது) ஜிங்க் பிளேட்டிங் போடக் கொடுப்பது இன்னும் மோசம். பிளேட்டிங்கின்போது உள்ளே புகும் ஹைட்ரஜனால், இறுக்கி வைத்த போல்ட் சில நாள் கழித்துத் தானாக முறியலாம்.

3. பிட்ச் பாருங்கள்

பிட்ச் என்பது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, மி.மீ. கணக்கில். தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஹார்டுவேர் கடையில் எம்10 என்று கேட்டால் 1.5 பிட்ச் தருவார்கள். ஜப்பானிய வழிவந்த கார்களில் எம்10 பெரும்பாலும் 1.25 பிட்ச், தலைக்கு 14 நம்பர் ஸ்பேனர். 1.5 போல்ட் 1.25 ஓட்டையில் ஒன்றிரண்டு சுற்று கையாலேயே ஏறும், அப்புறம் பிடிக்கும். அங்கே ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அலுமினிய கியர்பாக்ஸ் கூட்டின் மரை காலி. நல்ல போல்ட் கடைசி வரை விரலாலேயே ஏற வேண்டும். பிட்ச் கேஜ் இல்லையென்றால், கழற்றிய ஒரிஜினல் போல்ட்டையும் புதியதையும் பக்கம் பக்கமாக வைத்து மரையோடு மரை பொருத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

அலுமினியத்துக்குள் ஏறும் போல்ட், விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது உள்ளே போக வேண்டும். எம்10-க்கு 15 மி.மீ.

4. நீளம்

பிராக்கெட் தகடு உட்காரும் இடத்தில் மரை வரக்கூடாது, மொழுக்கையான தண்டு வர வேண்டும். முழுக்க மரை போட்ட போல்ட் இதற்கு ஆகாது. ஓட்டை 10.5 மி.மீ. போதும். நட்டைத் தாண்டி இரண்டு மரையாவது வெளியே தெரிய வேண்டும்.

பைப்பைக் குறுக்கே துளைத்து போல்ட் போடுகிறீர்களா? உள்ளே கனமான ஸ்லீவ் (போல்ட் நுழையும் குழல் துண்டு) வைத்து வெல்டு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் இறுக்க இறுக்க பைப் நசுங்குமே தவிர இறுக்கம் நிற்காது. ரப்பர் புஷ் மவுண்டுக்கும் இதே கதைதான்: நடுவிலுள்ள இரும்புக் குழலை இரண்டு பக்கமும் தகடு கவ்வ வேண்டும்.

5. நட்டு, வாஷர்

நட்டும் அதே தரம், 8 என்று குறி இருக்கும். நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ளது) நல்லது, ஆனால் சைலன்சர் பக்கம் வேண்டாம். 120 டிகிரிக்கு மேல் நைலான் தாங்காது, அங்கே முழு உலோக லாக் நட்டு போடுங்கள். ஸ்பிரிங் வாஷரை நம்பாதீர்கள். அதிர்வில் அது பெரிதாக உதவாது என்று ஜெர்மன் பொறியாளர் ஜெர்ஹார்டு யுங்கர் 1969-லேயே சோதித்துக் காட்டிவிட்டார், நாம்தான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறோம். நட்டு போட வழியில்லாத இடத்தில் மரை லூசாகாமல் பிடிக்கும் பசையான லாக்டைட் 243 ஒரு சொட்டு.

6. இறுக்குவது

தலைக்கும் நட்டுக்கும் அடியில் தடித்த பெயிண்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள், பெயிண்ட் அமுங்கினால் இறுக்கமும் போய்விடும். எம்10, 8.8 போல்ட்டுக்கு டார்க் ரென்ச்சில் சுமார் 45 நியூட்டன் மீட்டர். இந்த இறுக்கத்தில் ஒரு போல்ட் தகடுகளை 2 டன்னுக்கு மேல் அழுத்திப் பிடிக்கும்; அந்த உராய்வுதான் எஞ்சினை நகரவிடாமல் வைக்கிறது. எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் நேரடியாக ஏறும் போல்ட்டுக்கு மட்டும் சர்வீஸ் மேனுவல் சொல்கிற அளவு.

கடைசியாக நட்டிலிருந்து தகடு வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் ஆறியதும் பாருங்கள். கோடு விலகியிருந்தால் மறுபடி முறுக்கிவிட்டுக் கிளம்பாதீர்கள். போல்ட்டைக் கழற்றி, ஸ்லீவ் நசுங்கியதா, பெயிண்ட் அமுங்கியதா, மரை தகட்டுக்குள் நிற்கிறதா என்று பார்த்துச் சரிசெய்து, புது நைலாக் நட்டு போட்டு இறுக்குங்கள்.