மொறிஸ் மைனரின் ஹீற்றரும் உட்புறமும்: என் அனுபவம்

யாழ்ப்பாணத்து வெயிலில் காருக்கு ஹீற்றர் எதற்கு என்று கேட்காதவர் இல்லை; ஆயினும் மார்கழி மழையில் முன்கண்ணாடியில் படியும் ஆவியை நீக்கவும், எப்போதாவது நுவரெலியாவுக்கு ஏறவும் அது வேண்டியிருக்கிறது. என் மொறிஸ் மைனர் 1000 இல், எஞ்சினிலிருந்து வரும் சுடுநீர் டாஷ்போர்டின் கீழுள்ள சிறிய றேடியேற்றரினுள் ஓட, மின்விசிறி அதனூடாகக் காற்றைத் தள்ளும். எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவதால், கேத்திலின் அடியில் படிவது போலவே அதனுள்ளும் வெண்படிவம் இறுகியிருந்தது. அதைக் கழற்றி, இளஞ்சூடான வினாகிரியை நிரப்பி இரவு முழுதும் வைத்து, நீர் வெளியேறும் வாய்வழியாகக் குழாய்நீரை எதிர்த்திசையில் செலுத்தியபோது, மண்ணிறச் சேறும் சுண்ணாம்புத் துகள்களும் கொட்டின. எஞ்சிய புளிப்பை அப்பச்சோடாக் கரைசலால் கழுவினேன். மீண்டும் பொருத்துமுன், ஒரு வாயை அடைத்து, மறு வாயில் சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடித்து, வாளி நீரில் அமிழ்த்திப் பார்ப்பது கட்டாயம். குமிழி வந்த மூலையில் ஈயப்பற்று வைத்தேன். பழைய றப்பர் குழாய்களையே திரும்ப மாட்டுவது வீண் சிக்கனம்.

கசிந்த நீர் விரிப்பின் கீழ் தேங்கித் தளத்தகட்டை அரித்திருந்ததால், துருவைச் சுரண்டித் தடுப்புப் பூச்சுப் பூசிய பின்னரே புதிய விரிப்பை இட்டேன். இருக்கைகளுக்கு றெக்சினே போதும். தோல் எங்கள் ஈரக்காற்றில் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். இப்போது எஞ்சின் றேடியேற்றருக்கு வடித்த நீரும் கூலன்றும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மட்டுமே ஊற்றுகிறேன்.