அம்மாவின் கதையை எழுதி வைக்க நினைக்கிறவர்களுக்கு

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து மறைந்த அம்மாவின் கதையை எழுத நினைத்தால், கருமாதிக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். அந்தப் பதினாறு நாளும் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளைகள்கூட லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்பியிருப்பார்கள். காரியம் முடிந்து பஸ் ஏறிவிட்டால் அப்புறம் யாரையும் பிடிக்க முடியாது.

முதலில் சொந்தக்காரர்களிடம் போகாதீர்கள். அம்மாவுக்குப் பக்கத்து நிரையில், அதாவது அடுத்த தேயிலை வரிசையில், கொழுந்தெடுத்தவரைத் தேடிப் போங்கள். நமக்குத் தெரிந்த அம்மா, விடியுமுன் ரொட்டி சுட்டு வைத்தவரும் பொழுது சாய வந்து அடுப்பு மூட்டியவரும்தான். நடுவில் இருந்த பகல் முழுவதும் அவரிடம் இருக்கிறது.

"அம்மா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால், "தங்கமான மனுசி" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எந்தத் தேயிலை மலையில் ஒன்றாக நின்றீர்கள், மழைக்கு எங்கே ஒதுங்கினீர்கள், வேலையை மேற்பார்க்கும் கங்காணியோடு எதற்குச் சண்டை என்று கேளுங்கள். தலவாக்கலைப் பக்கம் எங்கள் தோட்டத்து அத்தை ஒருவர் என்னிடம் சொன்னது: "கொழுந்து நிறுக்கிறப்ப உங்கம்மா தராசவிட்டுக் கண்ண எடுக்க மாட்டா. ஈரத்துக்குன்னு ரெண்டு கிலோ கூடக் கழிச்சா, கூடையப் போட்டுட்டு அங்கேயே நிப்பா. அவ நின்னா நாங்களும் நிப்போம்." வீட்டில் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர் எங்கள் அம்மா!

வருசம் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். சம்பவத்தைச் சொல்லிக் கேளுங்கள். எழுபதுகளின் பஞ்சத்தில் கிழங்கு அவித்துத் தின்றபோது அம்மாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா? 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது கையில் பிள்ளை இருந்ததா? 83 கலவரத்தில் எங்கே ஒளிந்திருந்தார்? இப்படிக் கேட்டால் வயதும் வருசமும் தானாக வந்து விழும்.

பிறகு தகரப் பெட்டியைத் திறங்கள். அடையாள அட்டை, சேமலாப நிதிப் (EPF) பத்திரம், பிரஜாவுரிமைத் (குடியுரிமை) துண்டு, பழைய சம்பளச் சீட்டு, எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்துப் போனில் படம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் பெயர் ஒவ்வொரு விதமாக இருக்கும். எதையும் திருத்தாமல் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பத்தில் பாதிப் பேர் இந்தியாவுக்குப் போயிருந்தால், கதையிலும் பாதி அங்கேதான் கிடக்கிறது. எங்கள் பெரிய மாமா கூடலூரில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பினால் போதும், குரல் பதிவாக அனுப்பித் தள்ளுகிறார். அம்மா சின்ன வயதில் காமன் கூத்து பார்க்க ஓடிப்போய் அடி வாங்கியதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும்.

ஒப்பாரியையும் விட்டுவிடாதீர்கள். கிழவிகள் சும்மா அழுவதில்லை. பிறந்த தோட்டம், கட்டிக்கொடுத்த தோட்டம், செத்துப்போன தலைப்பிள்ளை என்று வரிசையாக எல்லாம் அதில் வரும். துக்க நேரத்தில் முகத்துக்கு நேராக போனை நீட்டாமல், ஆறின பிறகு கேட்டுப் பதியுங்கள். பலர் திரும்பவும் பாடுவார்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

எழுதி முடித்ததும் உடனே அச்சடிக்க ஓட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்த நிரைக்காரப் பெண்களை வாசலில் உட்கார வைத்து, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, சத்தமாக வாசியுங்கள். "அது அஞ்சாம் நம்பர் மலை இல்ல, ஏழு" என்று யாராவது குறுக்கிடுவார். பேனாவைக் கையிலேயே வைத்திருங்கள்.