ஊருக்குள் இருந்துகொண்டே இயேசுவுக்குச் சாட்சியாக நிற்பது எப்படி

இதை முக்கியமாக முதல் தலைமுறை விசுவாசிகளுக்காக எழுதுகிறேன். வேளாங்கண்ணி, பூண்டி பக்கம் பரம்பரையாக மாதா கோயிலுக்குப் போகிற குடும்பங்களுக்கும், தரங்கம்பாடியில் பல தலைமுறையாகச் சபையில் இருப்பவர்களுக்கும் இந்தப் பாடு வேறு மாதிரி. ஆனால் மன்னார்குடிப் பக்கமோ பாபநாசம் பக்கமோ ஒரு தெருவில் ஒரே ஒரு வீடு ஆண்டவரை ஏற்றுக்கொண்டால் அந்த வீட்டுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பங்காளிகள் பேச்சை நிறுத்துவார்கள், கல்யாணப் பத்திரிகை உங்கள் வாசலைத் தாண்டிப் போகும், பிள்ளைக்குப் பெண் பார்க்கப் போனால் "அவங்க மாறிட்டாங்களாமே" என்ற பேச்சு நமக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

முதலில், எதிர்க்கிறவர்கள் உண்மையில் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் அவர்கள் சிலுவையைப் பற்றியோ உயிர்த்தெழுதலைப் பற்றியோ கேட்கவில்லை. "நீ இன்னும் எங்க ஆளுதானா?" என்றுதான் கேட்கிறார்கள். அதனால் நீங்கள் இரண்டையும் ஒருசேரக் காட்ட வேண்டும்: ஆராதனை ஆண்டவருக்கு மட்டும்தான், ஆனாலும் நான் இந்த வீட்டுப் பிள்ளைதான், இந்த ஊர்க்காரன்தான். ஊருக்குப் பயந்து ஆண்டவரை மறைத்தாலும், ஆண்டவர் பெயரைச் சொல்லி ஊரை உதறினாலும் சாட்சி கெட்டுவிடும்.

வீட்டில் ஆரம்பியுங்கள். ஞானஸ்நானம் எடுத்ததை அப்பா அம்மா டீக்கடையில் கேள்விப்படக் கூடாது. நீங்களே சொல்லுங்கள், உட்கார்ந்து, சத்தம் போடாமல். கோபப்பட்டால் படட்டும். வெளியே போ என்றால்கூட அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு சபைக்கு ஓடி வராதீர்கள், உயிருக்கு ஆபத்து இருந்தால் ஒழிய. சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்கு மாத்திரை வாங்கித் தருவதும் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் முன்னைவிடக் கூட வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஆட்கள் தேவைக்கு மேல் சண்டை போடுகிறார்கள். ஒருவர் விருந்துக்கு அழைத்தால் எதையும் விசாரிக்காமல் சாப்பிடுங்கள், இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவருக்காகச் சாப்பிடாதீர்கள் என்று பவுல் 1 கொரிந்தியர் 10ல் எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா பிரசாதம் என்று சொல்லியே நீட்டினால், "மன்னிச்சுக்குங்க அக்கா, இதை மட்டும் நான் வாங்கறதில்லை" என்று முகம் மலர்ந்து சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் நின்று பேசிவிட்டு வாருங்கள். அந்தப் பத்து நிமிஷத்தை விட்டுவிடாதீர்கள்.

கஷ்டமானது சாவு. அப்பாவுக்கு மூத்த மகன், அம்மாவுக்கு இளைய மகன் கொள்ளி வைக்க வேண்டும் என்பது வழக்கம், அந்தப் பிள்ளை விசுவாசியாக இருந்தால் பிணத்தை வைத்துக்கொண்டே பஞ்சாயத்து நடக்கும். இதற்கு ஒரே வழி, அவர் உயிரோடு இருக்கும்போதே பேசிவிடுவது. "அப்பா, சடங்கு என்னால் செய்ய முடியாது, அதைத் தம்பி செய்யட்டும், மற்ற எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்" என்று அவரிடமும் தம்பியிடமும் பங்காளிகளில் மூத்தவரிடமும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் அந்த "மற்ற எல்லாம்" என்ற வார்த்தையைக் காப்பாற்றுங்கள். பாடை தூக்குங்கள், பந்தல் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள், கருமாதி முடிகிறவரை அம்மா பக்கத்திலேயே இருங்கள். எந்தச் சடங்கில் எதுவரை நிற்கலாம் என்பதில் சபைக்குச் சபை கருத்து வேறுபாடு உண்டு, உங்கள் போதகரோடு முன்கூட்டியே பேசுங்கள். ஆனால் சாவு வீட்டிலிருந்து ஒதுங்கி வீட்டில் உட்கார்ந்திருப்பதை என்னால் எந்த வசனத்தாலும் நியாயப்படுத்த முடியவில்லை.

ஊர் விஷயத்தில் வரி வரும். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று) போடும்போது, வசூலுக்கு வந்த பையன்களோடு வாசலில் வாக்குவாதம் செய்யாமல், அதற்கு முன்பே ஊர்ப் பெரியவர்களைப் போய்ப் பாருங்கள். பூஜைச் செலவுக்குத் தர மனசாட்சி இடம் கொடுக்கவில்லை, வாய்க்கால் தூர் வார, ரோடு போட, பள்ளிக்கூடத்துக்கு, எதுவானாலும் என் பங்கு முதலில் வரும் என்று சொல்லுங்கள். மேட்டூர் அணை திறக்கிற ஜூன் 12க்கு முன்னால் ஊர் வாய்க்காலில் இறங்கி மண்வெட்டி பிடிக்கிற ஆளாக உங்களைப் பார்த்தால் அந்தப் பேச்சுக்கு எடை கூடும். முறைத் தண்ணீரில் கடைமடைக்காரனுக்குச் சேர வேண்டியதை ராத்திரியில் மடை திருப்பிக்கொள்ளாதவன் என்று பெயர் எடுங்கள். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருக்கிற நெல்லை, காய்ந்த சிப்பங்களுக்கு நடுவில் நுழைக்கப் பார்க்காதீர்கள். பயிர் நன்றாக இருக்கும்போது இன்ஷூரன்ஸுக்காகப் பொய்க் கையெழுத்துப் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையைவிட ஊர் இதைத்தான் பார்க்கிறது.

கஜா புயல் 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனது நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் உதவியோடு கைப்பிரதியைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அரிசியை அரிசியாகக் கொடுங்கள். ஏன் செய்கிறீர்கள் என்று அவர்களே கேட்டால் அப்போது தாராளமாகச் சொல்லுங்கள். 1 பேதுரு 3:15 கேட்கிறவருக்குப் பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாக இருக்கச் சொல்கிறது, அதுவும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்.

அடுத்தவர் தெய்வத்தை ஏளனம் செய்யவே கூடாது. எபேசுவில் ஊரே கொந்தளித்தபோது, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷித்தவர்கள் அல்ல என்று அந்த ஊர் அதிகாரியே பவுலின் தோழர்களுக்காகப் பேசினார் (அப்போஸ்தலர் 19:37). கும்பகோணத்தைச் சுற்றி வாழ்கிற நம்மைப் பற்றியும் ஒருவர் அப்படிச் சொல்ல முடிய வேண்டும். 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், தமிழைக் கற்றதோடு நிற்காமல், இங்குள்ளவர்கள் கும்பிடும் தெய்வங்களைப் பற்றி விசாரித்து விரிவாக எழுதியும் வைத்தார். அவரைச் சிறையில் அடைத்தது இந்த ஊர் மக்கள் அல்ல, டேனிஷ் கோட்டையின் தளபதி. 1708 கடைசியில் போட்டு, சுமார் நான்கு மாதம் வைத்திருந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் மாற்று மதத்தாரை மட்டுமே சந்தேகப்படுகிற பழக்கம் நமக்கு உண்டு, அதை விடுங்கள்.

வீட்டு ஜெபம் பற்றி. ராஜாவைத் தவிர யாரிடமும் வேண்டக் கூடாது என்ற கட்டளைக்கு அப்புறம் தானியேல் ஜன்னலைச் சாத்தவும் இல்லை, கூட்டத்தைக் கூட்டிச் சத்தம் போடவும் இல்லை, முன்பு செய்துவந்தபடியே செய்தார். நீங்களும் வழக்கமாக எத்தனை மணிக்கு ஜெபிப்பீர்களோ அப்படியே தொடருங்கள். ஆனால் எட்டடித் தெருவில் மைக்செட் வேண்டாம். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது என்பது ஒரு பக்கம், பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருப்பது இன்னொரு பக்கம்.

வலிக்கிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1950ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியிலிருந்து வந்தவர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடுகிறது, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். தீண்டாமை மட்டும் கூடவே வருகிறது. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன், மாற்றக் கோரிப் போராடுவதும் சாட்சிதான். ஆனால் ஞானஸ்நானம் எடுத்தபின் இந்து என்று பழைய சான்றிதழைக் காட்டிச் சலுகை வாங்குவது வேறு, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு வழக்கில் கடுமையாகவே தீர்ப்புச் சொன்னது. இந்தப் பாரத்தைச் சுமக்கிறவரைத் தனியாக விடாதீர்கள், அந்தப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைச் சபை சேர்ந்து கட்டட்டும். சபைக்குள்ளேயே சாதி பார்த்து உட்கார்கிறவர்கள் வெளியே சாட்சி சொல்லக் கிளம்ப வேண்டாம்.

மிரட்டலும் அடியும் வந்தால்? திருப்பி அடிக்காதீர்கள், ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். பவுலே தன்னை அடிக்க வந்தவர்களிடம் ரோமக் குடியுரிமையைச் சொல்லிக் கேட்டார். அரசியல் சாசனம் 25வது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டு, மதத்தை ஏற்கவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மாற்றுகிற உரிமை ஆகாது என்று 1977லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதனால் பணம், வேலை, கல்யாணம் என்று ஆசை காட்டி யாரையும் அழைக்கவே கூடாது. அடி பட்டால் முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள், பிறகு எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். புகாரை வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். புகாரில் நடந்ததை மட்டும் எழுதுங்கள், ஒரு பெயரைக்கூடக் கோபத்தில் கூடுதலாகச் சேர்க்காதீர்கள்.

தனியாக நிற்காதீர்கள். பக்கத்து ஊரில் இன்னொரு விசுவாசி வீடு இருக்கிறதா என்று தேடுங்கள், வாரத்தில் ஒரு சாயங்காலமாவது போய் உட்கார்ந்து சேர்ந்து ஜெபியுங்கள். உங்களை அதிகம் எதிர்க்கிறவர் யாரோ அவர் பெயரையும், அவர் பிள்ளைகள் பெயரையும் அந்த ஜெபத்தில் சொல்லுங்கள். அவர் வீட்டில் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே போய்ப் பாருங்கள்.