பனிக்குள்ள ஆறுமணிக்குருவி தேடப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

மார்கழி, தையில கோடியக்கரை காட்டுக்கு ஆறுமணிக்குருவிய (இங்கிலீஷ்ல இந்தியன் பிட்டா) பாக்கணும்னே வண்டி கட்டிக்கிட்டு வர்றவங்க நெறையப் பேரு பூநாரையையும் வெளிமானையும் மட்டும் பாத்துட்டுத் திரும்பிடுறாங்க. குருவி அங்கதான் இருக்கும், நாமதான் தேடத் தெரியாம தேடுறோம்.

மொதத் தப்பு, பனி விலகட்டும்னு டீக்கடையில உக்காந்திருக்கிறது. அது பேர்லயே நேரம் இருக்குங்க. விடியக்காலையும் அந்தி சாயுறப்பவும்தான் ரெண்டு சுரத்துல விசில் அடிக்கிற மாதிரி கூப்பிடும், எட்டு மணிக்குப் போய் நின்னா சத்தமே இருக்காது.

சத்தம் கேட்டதும் அந்தப் பக்கம் ஓடாதீங்க. கூப்பிடுறப்போ பெரும்பாலும் தாழ்வான கிளையிலதான் நிக்கும், தலைய அண்ணாந்து கத்திட்டு கீழ எறங்கிடும், அப்புறம் அதோட பொழப்பு முழுக்க பாலை மரத்தடி சருகுலதான், பூச்சி புழு பொறுக்கிக்கிட்டு. நான் ரெண்டு வருஷம் மரத்து உச்சியையே பாத்துக்கிட்டு கழுத்து வலிக்க நின்னேன், கூட வந்த வாச்சர் அண்ணன்தான் "தம்பி, மேல என்ன இருக்கு, கீழ பாருங்க"ன்னாரு.

கீழ பாக்குறதுலயும் ஒரு சிக்கல் உண்டு. பனி இலையில தேங்கி சொட்டு சொட்டா சருகு மேல விழும், அது அப்படியே ஏதோ நடக்குற சத்தம் மாதிரியே இருக்கும். சொட்டுற சத்தம் அங்கங்க சிதறிக் கேக்கும், தவிட்டுக்குருவின்னா கூட்டமா சலசலன்னு வாரி எறைக்கும், ஆறுமணிக்குருவி தனி ஆளு, ரெண்டு குதி குதிக்கும், நிக்கும், ஒரு சருகப் புரட்டும், மறுபடி குதிக்கும். அந்த இடைவெளியக் காது பிடிச்சுக்கிட்டா போதும், அசையாம நில்லுங்க, அதோட கண்ணு வழியாப் போற கருப்புப் பட்டையும், குட்டை வாலுக்கு அடியில குங்குமச் செவப்பும் தானா தெரியும்.

ஏசி ரூம்லேர்ந்து பைனாகுலர நேரா எடுத்துட்டுப் போகாதீங்க, வெளி ஈரக்காத்து பட்டதும் லென்ஸ் மூடிக்கும், துடைச்சாலும் திரும்ப மூடும். கெளம்புறதுக்கு அரைமணி முன்னாடியே பையோட வெளியில வச்சிடுங்க. வெள்ளைச் சட்டையும் வேணாம்.

எனக்கு நெஞ்சு பொறுக்காத தப்பு ஒண்ணு இருக்கு, ஃபோன்ல அதோட குரலப் போட்டுக் கூப்பிடுறது. இமயமலை அடிவாரத்துலேர்ந்தும் மத்திய இந்தியாவுலேர்ந்தும் ராத்திரி ராத்திரியா பறந்து வந்து, குளிர்காலத்துக்குன்னு ஒரு துண்டு எடம் பிடிச்சு வச்சிருக்கிற பறவை அது. இன்னொருத்தன் வந்துட்டான்னு நெனச்சு மேய்ச்சல விட்டுட்டுப் பதறி வரும். போட்டோ கெடைக்கும்தான், ஆனா அது தின்னுற நேரத்த நாம தின்னுட்டோம். ஐப்பசியில வந்து எறங்குறப்போ களைச்சுப் போய் வீட்டுக் கொல்லையில, கிணத்தடியில உக்காந்திருக்கும் பாருங்க, அப்பவும் கிட்டப் போய் படம் எடுக்காதீங்க, பூனைய மட்டும் வெரட்டி விட்டுட்டுத் தள்ளி நில்லுங்க, பொழுது சாஞ்சதும் அதுவே கெளம்பிடும்.