வேனுக்கு வின்ச்: வாங்கும்போதும் பொருத்தும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேற்றில் சிக்கிய வண்டியை, மரத்தில் கட்டிய கயிற்றை மோட்டாரால் சுற்றி இழுத்து வெளியே எடுக்கும் கருவிதான் வின்ச். ஜீப்பில் நன்றாக வேலை செய்யும் வின்ச் வேனிலும் அப்படியே வேலை செய்யும் என்று நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். ஆனால் வேன் கனமானது. முன்பக்கத்தில் இடம் குறைவு. பேட்டரியோ பல வேன்களில் பானெட்டுக்குள் இல்லாமல் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. பெரும்பாலான தவறுகள் இந்த மூன்றையும் மறப்பதால் வருபவை.

முதலில் எடை. காலி வண்டியின் எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கட்டில், தண்ணீர்த் தொட்டி, சாமான், ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். அந்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுவைத் திறன் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அச்சு வரை சேற்றில் புதைந்த வண்டியை அசைக்க அதன் எடை அளவுக்கே விசை தேவைப்படலாம், மேடும் இருந்தால் இன்னும் கூடும் என்பதால்தான் இவ்வளவு. 3,500 கிலோ வேனுக்கு 5,250 கிலோ வருகிறது. 12,000 பவுண்டு வின்ச், அதாவது சுமார் 5,440 கிலோ, சரியாக இருக்கும்.

ஆனால் பெட்டியில் அச்சிட்ட அந்த எண், கயிறு சுற்றும் ட்ரம்மில் முதல் அடுக்கு மட்டும் இருக்கும்போது கிடைப்பது. அடுக்கு ஏற ஏற ட்ரம்மின் விட்டம் பெருகி இழுவை குறையும். நான்காவது அடுக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். அதனால் கயிறு அதிகம் வெளியே போகும்படி, பக்கத்து மரத்தை விட்டுவிட்டுத் தள்ளியிருக்கும் மரத்தைப் பிடிப்பது நல்லது. பக்கத்து மரம்தான் இருக்கிறது என்றால் கப்பி போட்டுக் கயிற்றை வண்டிக்கே திருப்பிக் கட்டலாம். வேகம் பாதியாகும், இழுவை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். வின்ச் வாங்கும் அன்றே கப்பியும் வாங்கிவிடுங்கள். படகை டிரெய்லரில் ஏற்றும் வின்ச்சை மலிவு என்று எடுத்துவிடாதீர்கள். அதில் எழுதியிருப்பது பெரும்பாலும் உருளும் சுமையின் எடை.

அடுத்து, பொருத்தும் இடம். பம்பர் தகட்டில் துளை போட்டு மாட்டுவது ஆபத்து. இழுக்கும் விசை முழுவதும் சேஸிஸ் நீள்சட்டங்களுக்குப் போக வேண்டும். தனிச் சேஸிஸ் இல்லாத வேன் என்றால், அந்த மாடலுக்கென்றே செய்த தாங்கியை வாங்குவதுதான் என் பார்வையில் ஒரே நல்ல வழி. மோதலில் நசுங்குவதற்காக விட்ட பகுதியையும் ஏர்பேக் சென்சாரையும் வெல்டிங் செய்து கெடுத்துவிடக் கூடாது. ரேடியேட்டருக்குக் காற்று போகிறதா, கயிற்றைக் கையால் இழுக்க ட்ரம்மை விடுவிக்கும் வின்ச்சின் கிளட்ச் நெம்புகோலுக்குக் கை எட்டுகிறதா என்று போல்ட் முறுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். போல்ட்டின் வலிமைத் தரம் 8.8-க்குக் குறையக் கூடாது. வின்ச்சும் தாங்கியும் சேர்ந்து 60 கிலோவைத் தாண்டலாம், அத்தனையும் முன் அச்சுக்கு முன்னால் தொங்குகிறது. முன் அச்சுக்கு அனுமதித்த சுமையை மீறினால் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிச் சமாளிக்க முடியாது.

மின்சாரப் பக்கம்தான் வேன்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம். 12 வோல்ட் வின்ச் முழுச் சுமையில் 400 ஆம்பியர் வரை எடுக்கும். ஆல்டர்னேட்டர் மட்டும் இதைத் தராது, மீதி பேட்டரியிலிருந்து வர வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் இழுத்து, மோட்டாரை ஆறவிட்டு, மறுபடி இழுக்க வேண்டும். வேனுக்குள் விளக்கு, ஃபிரிட்ஜ் போன்றவற்றுக்காக வைத்த லித்தியம் பேட்டரியில் இணைத்தால் அதன் பாதுகாப்புச் சுற்று பெரும்பாலும் 100 அல்லது 200 ஆம்பியரிலேயே துண்டித்துவிடும், அதுவும் சரிவில் பாதி இழுவையில். அப்புறம் கேபிள். பேட்டரி 4 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 8 மீட்டர். 35 சதுர மில்லிமீட்டர் செம்பில் 400 ஆம்பியர் ஓடினால் சுமார் 1.6 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 70 சதுர மில்லிமீட்டர் போட்டால் அது பாதியாகும். நெகட்டிவ் கேபிளையும் அதே தடிமனில் பேட்டரி வரை கொண்டுபோங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் துண்டிக்கும் சுவிட்ச் கட்டாயம். சேஸிஸில் உரசி உறை கிழிந்த கேபிள் வண்டியையே எரித்துவிடும்.

கயிறு விஷயத்தில் நான் செயற்கை இழைக் கயிற்றின் பக்கம். எடை குறைவு, அறுந்தாலும் ஸ்டீல் கயிறு போலச் சாட்டையாக வீசாது. ஆனால் வின்ச்சிலிருந்து கயிறு வெளிவரும் இடத்தில், ஸ்டீல் கயிறு உரசிச் சொரசொரப்பான பழைய உருளைகளில் இதை ஓட்டினால் இழை அறும். வழவழப்பான அலுமினிய வழிகாட்டியைப் போடுங்கள். எந்தக் கயிறானாலும் டிரெய்லர் மாட்டும் குமிழான டோ பாலில் கொக்கியை மாட்டவே மாட்டாதீர்கள். அது முறிந்து குண்டு மாதிரிப் பறந்து உயிரை எடுத்திருக்கிறது.

பொருத்தி முடித்ததும் கயிற்றை ஏறக்குறைய முழுவதும் வெளியே இழுத்து, ட்ரம்மில் ஸ்டீல் என்றால் 5 சுற்று, இழைக் கயிறு என்றால் 8 முதல் 10 சுற்று மட்டும் விடுங்கள். பிறகு லேசான சரிவில் வேனையே சுமையாக வைத்து, இறுக்கமாக, வரிசையாகச் சுற்றி ஏற்றுங்கள். தளர்வாகச் சுற்றிய கயிறு முதல் பெரிய இழுவையிலேயே கீழடுக்குக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும்.