குறைந்த நிரலில் அலுவலகச் செயலி: எங்கிருந்து தொடங்குவது?

மைக்ரோசாப்டின் பவர் ஆப்ஸ் (செயலி உருவாக்க), பவர் ஆட்டோமேட் (வேலைகளைத் தானாக நடத்த), பவர் பிஐ (அறிக்கை தயாரிக்க) மூன்றையும் தனித்தனிப் பாடங்களாகப் படிப்பதைவிட, விடுப்பு விண்ணப்பம் போன்ற ஒரு சிறு வேலையை எடுத்துக்கொண்டு, அதைத் தொடக்கம் முதல் அறிக்கை வரை செய்து முடிப்பதே சிறந்த வழி.

திரையை வடிவமைக்கும் முன் அட்டவணைகளைத் தீர்மானியுங்கள். பணியாளர் விவரம் ஓர் அட்டவணையிலும் விடுப்பு இன்னொன்றிலும் இருக்கட்டும். ஒவ்வொரு விடுப்பிலும் பெயரையும் துறையையும் மறுபடி தட்டச்சு செய்யாமல், பணியாளரின் பதிவுக்கு ஓர் இணைப்பை மட்டும் வையுங்கள்.

அடுத்து செயலி. புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் இங்கே நிதானம் தேவை. தேடலைத் தரவுமூலத்திடமே, அதாவது அட்டவணைகள் சேமிக்கப்பட்டுள்ள இடத்திடமே, ஒப்படைக்க முடியாதபடி சூத்திரம் அமைந்துவிட்டால், பவர் ஆப்ஸ் முதல் 500 பதிவுகளை மட்டும் இறக்கி அவற்றுக்குள்ளேயே தேடும். அமைப்பை மாற்றினாலும் 2000-க்கு மேல் போகாது. இருபது பதிவுகளை வைத்துச் சோதிக்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் பதிவுகள் பெருகியபின், எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் சிலருடைய விடுப்பு பட்டியலிலிருந்து விடுபடும். ஆகவே சூத்திரத்தில் எச்சரிக்கை தோன்றினால், அதைத் திருத்தாமல் மேலே செல்லாதீர்கள்.

ஒப்புதலைப் பவர் ஆட்டோமேட்டிடம் விடலாம். அதில் ஒரு விண்ணப்பத்துக்காகத் தொடங்கும் ஓர் ஓட்டம் (flow run) அதிகபட்சம் 30 நாட்களே காத்திருக்கும் என்பதால், மேலாளருக்கு நினைவூட்டல் அனுப்பும் படியையும் சேர்த்துவிடுங்கள்.

பவர் பிஐ அறிக்கைக்குத் தனியாக ஒரு தேதி அட்டவணை (நாளுக்கு ஒரு வரிசை) அமைத்து விடுப்புடன் இணைத்தால், மாதவாரி ஒப்பீடு எளிதாகிவிடும்.